கட்டை எஞ்சினில் சிவப்புத் தூள்

செப்டம்பர் 26, வெள்ளி

புழுக்கம். மேகம் மட்டும், மழை இல்லை.

கோ. ஞானசேகரன், வயது ஐம்பது, சேலையூர். நோக்கம்: ஒன்றோடொன்று பொருந்தும் பிளாஸ்டிக் பொம்மைக் கட்டைகளை மட்டும் கொண்டு ஓடக்கூடிய எஞ்சின் ஒன்றைக் கட்டி, அக்டோபர் 6 திங்கள் காலை பாலிடெக்னிக்கில் ஓட்டிக் காட்டுதல். தொழிற்சாலையில் எந்த ஆய்வுக் குறிப்பையும் பெயரும் நோக்கமும் எழுதாமல் நான் தொடங்கியதில்லை. தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். பழக்கம் மிச்சம்.

சுருக்கம்: வ. = வசந்தி, மனைவி. மு. = முரளி, அவள் தம்பி, கோவிலம்பாக்கத்தில் டைல்ஸ் கடை.

பாலிடெக்னிக்கின் நிபந்தனை: ஆய்வகப் பயிற்றுநர் வேலைக்கு வருகிறவர்கள் தாமே செய்த மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து, முதலாண்டு மாணவர்களுக்கு அரை மணி நேரம் பாடம் நடத்த வேண்டும். நியாயமான நிபந்தனை. சான்றிதழை யாரும் காட்டலாம்.

நான் விதித்துக்கொண்ட விதிகள்: பசை கூடாது. எண்ணெய் கூடாது. எந்தக் கட்டையையும் அறுக்கவோ தேய்க்கவோ கூடாது. மாணவர்கள் பிரித்து, தாங்களே மறுபடி கட்ட வேண்டும்.

கட்டைகள் எல்லாம் மகள் நிலாவுடையவை. பரணில் மூன்று பெட்டி. கோவை விடுதியிலிருந்து தொலைபேசியில் சிரித்தாள். "அப்பா, அதுல பாதி நான் கடிச்சது." உண்மை. பல் பதிந்த கட்டைகளின் இடுக்கில் காற்று கசிகிறது. தனியே ஒதுக்கினேன்.

வீட்டு வேக்யூம் கிளீனரின் குழாய் எஞ்சினின் பின்புறம். கிளீனர் உருளைக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சும். உடனே வெளிக்காற்று பிஸ்டனை உள்ளே தள்ளும். மேலே இருக்கும் வால்வுப் பெட்டி முறை மாற்றிக் கொடுக்க, அடுத்த உருளை. பிஸ்டன்கள் தண்டைச் சுழற்ற, தண்டு பொம்மை டிராக்டரின் பெரிய சக்கரத்தைச் சுழற்றும். உருளையின் சுவர்கள் பொம்மை வீட்டின் கண்ணாடி போன்ற ஜன்னல் கட்டைகள், எனவே உள்ளே நடப்பது தெரியும். கிளீனர் இழுப்பதாகத்தான் மாணவர்கள் சொல்வார்கள். இல்லை, நம்மைச் சுற்றியுள்ள காற்று தள்ளுகிறது என்று காட்ட வேண்டும். பாடமே அதுதான்.

இன்று மாலை முதல் முறையாக நிற்காமல் ஓடியது. மேசையே அதிர்ந்தது. யாரையும் கூப்பிடவில்லை.

மு. வந்தான். எங்கள் வீட்டுச் சாவி ஒன்று அவனிடம் எப்போதும் உண்டு, மணி அடிக்கும் வழக்கம் இல்லை. கதவருகே நின்று பார்த்தான்.

"இன்னா மாமா, குப்பை பெருக்குற மிஷினை வெச்சி வண்டி ஓட்டிகினு கீறீங்க."

கடையில் கல்லாவில் உட்கார நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று மறுபடியும் ஆரம்பித்தான். ஏ.சி. உண்டாம், மத்தியானச் சாப்பாடு உண்டாம். அக்கா புருஷன் கடையில் இருந்தால் வேலையாட்களுக்கு ஒரு பயம் இருக்குமாம். வ. காபி கொடுத்தாள், என் முகத்தைப் பார்க்காமல்.

செப்டம்பர் 28, ஞாயிறு

வெயில். காலையில் கேம்ப் ரோடு வரை நடை. கத்தரிக்காய், தேங்காய், ஸ்கூட்டருக்குக் காற்று.

வால்வுப் பெட்டியைப் பிரித்து மறுபடி கட்டினேன். ஒரு கட்டை தள்ளி வைத்ததில் ஓட்டம் சீர். கைப்பேசியில் மெதுவாக ஓடும் படமெடுத்து, சக்கரத்தில் போட்ட சுண்ணாம்புக் கோட்டை எண்ணினேன். நிமிடத்துக்கு முந்நூறு சுற்றுக்குச் சற்று மேல். போதும்.

பிற்பகல், வ. சமையலறையில் தம்பியிடம் தொலைபேசியில். குரலைத் தாழ்த்தியிருந்தாள், அதனால்தான் காது கொடுத்துக் கேட்டேன்.

"அடுத்த திங்கக்கிழமை வரைக்கும் நீ சும்மா இரு முரளி. அப்புறம் பாத்துக்கலாம்."

என்ன பார்த்துக்கொள்வார்கள்? அடுத்த திங்கட்கிழமை என் செயல்விளக்கத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. எஞ்சின் ஓடாவிட்டால் எனக்கு இந்த வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் டைல்ஸ் கடைக் கல்லா. அக்காவுக்கும் தம்பிக்கும் அதுவே வசதி.

எழுதிப் பார்த்தால் அற்பமாகத்தான் இருக்கிறது. எழுதியதை அடிக்கவில்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

மாலை திடீர் மழை. மருந்துக் கடையிலிருந்து திரும்புகையில் நன்றாக நனைந்தேன். மூக்கடைப்பு.

முன்னெச்சரிக்கை: எஞ்சினின் அடித்தட்டைச் சுற்றி மேசையில் பென்சில் கோடு. நகர்த்தினால் தெரியும். வீட்டாருக்கு விதி: அறைக்குள் வரலாம், பெருக்கலாம், எஞ்சினைத் தொடக் கூடாது. வ. "சரி" என்றாள். அவள் ஒரே சொல்லில் சரி என்றால் அது சரி அல்ல.

அக்டோபர் 1, புதன், ஆயுத பூஜை

காலை தெளிவு. எஞ்சின் ஐந்து நிமிடம் சோதனை ஓட்டம். குறை ஒன்றும் இல்லை. கோட்டிலிருந்து நகரவும் இல்லை, அதற்காகவே ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். பிறகு நிறுத்தம். பூஜை நாளில் எந்த இயந்திரமும் ஓடாது. தொழிற்சாலையிலும் அதே விதி.

என் வெர்னியர் காலிப்பர், மைக்ரோமீட்டர், ஸ்பேனர் செட், மூன்றையும் துடைத்து பூஜை அறையில் வைத்தேன். எஞ்சினை வைக்கவா என்று வ. கேட்டாள். வேண்டாம் என்றேன். ஆயுதம் என்றால் தொழில் செய்யும் கருவி. இது பொம்மைக் கட்டை. வகைப்பாட்டில் தவறு கூடாது.

பிறகு கிழக்குத் தாம்பரம் மார்க்கெட். பூசணிக்காய், பொரி, வாழைக்கன்று. கடும் கூட்டம். ஆட்டோக்கள் மாலையும் சந்தனமுமாக. திரும்ப ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வாசலில் மு.வின் பைக். கடை பூஜை முடித்துச் சுண்டல் கொண்டு வந்தானாம். சட்டையில் டைல்ஸ் தூசி, பண்டிகை நாளிலும்.

ஸ்கூட்டர் சக்கரத்தின் கீழ் எலுமிச்சை வைத்து நசுக்கினான், எனக்குப் பதிலாக. என் ஸ்கூட்டர்.

அக்டோபர் 2, வியாழன், விஜயதசமி

எழுதவே கை வரவில்லை.

காலை நல்ல நேரம் பார்த்துக் கிளீனரைப் போட்டேன். சக்கரம் நான்கைந்து சுற்று சுற்றியது, முனகியது, நின்றது. கையால் தள்ளினால் சுற்றுகிறது, விட்டால் நிற்கிறது. கிளீனர் பையைப் பார்த்தேன், காலி. குழாயில் அடைப்பில்லை.

அடித்தட்டு பென்சில் கோட்டிலிருந்து ஒரு விரல் அகலம் விலகியிருந்தது.

ஜன்னல் கட்டைச் சுவரில், உள்பக்கம், மங்கலான சிவப்புப் படலம். வால்வுப் பெட்டியின் இடுக்கில் வெளிறிய பசை போல ஏதோ ஒன்று, சிவப்போடு கலந்து. முகர்ந்தேன். மூக்கடைப்பில் ஒன்றும் தெரியவில்லை.

சிவப்புத் தூள்: மொட்டை மாடிக்குப் போடுகிற செங்கல் நிற டைல்ஸை அறுத்தால் பறப்பது இதுதான். வெளிறிய பசை: டைல்ஸ் இடுக்கில் பூசும் வெள்ளைச் சிமென்ட். இரண்டும் ஒரே கடையில் விற்பவை.

மு.வின் கையில் சாவி. நேற்று நான் இல்லாத ஒன்றரை மணி நேரம். காரணமும் உண்டு.

வ.விடம் கேட்டேன், எஞ்சினை யார் தொட்டது என்று. வாழைக்கன்றைக் கதவிலிருந்து அவிழ்த்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"எனக்கு அதெல்லாம் என்னங்க தெரியும்."

கையிலிருந்த கயிறு முடிச்சு விழுந்து, அவிழ்க்க வெகுநேரம் ஆயிற்று அவளுக்கு. தம்பியைக் காக்கிறாள்.

அக்டோபர் 3, வெள்ளி

மூட்டம். ஜலதோஷம் தொண்டைக்கு இறங்கிவிட்டது.

மு.வை வரச் சொன்னேன். வந்தான். நாற்காலியில் உட்கார வைத்து, எஞ்சினைக் காட்டி, நேராகக் கேட்டேன். அவன் முதலில் என்னைப் பார்க்கவில்லை, சமையலறை வாசலைப் பார்த்தான். அங்கே வ. நின்றிருந்தாள். பிறகு தலையைச் சொறிந்தான்.

"ஆமா மாமா. நான்தான் தொட்டேன். சும்மா மேல இருக்கிற ஃபேனைச் சுத்திப் பாத்தேன். கடைத் தூசிக் கையோட. தப்புதான், உட்டுருங்க."

"திட்டம் போட்டா, தெரியாமலா?"

"இன்னா திட்டம்? ஒரு பொம்மைக்கு எவன் மாமா திட்டம் போடுவான்."

பொம்மை. அந்தச் சொல்தான். வீட்டுச் சாவியைக் கேட்டேன். வளையத்திலிருந்து கழற்றி மேசையில் வைத்தான். காபி குடிக்காமல் போய்விட்டான். படியிறங்கும்போது வ.விடம் ஏதோ மெல்லச் சொன்னான். "சும்மா இரு அக்கா" என்பது மட்டும் காதில் விழுந்தது.

வ. மத்தியானம் சாப்பிடவில்லை. எனக்குப் பரிமாறினாள், ரசம் வரைக்கும்.

மாலை உட்கார்ந்து யோசித்தேன். அவன் வாக்குமூலம் பொருந்தவில்லை.

என் எஞ்சினில் ஃபேன் கிடையாது. சக்கரம் பக்கவாட்டில் இருக்கிறது, மேலே இருப்பது வால்வுப் பெட்டி. மேலும், சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தவன் அடித்தட்டை விரல் அகலம் நகர்த்த வேண்டியதில்லை. தூக்கி எடுத்தவர்தான் திரும்ப வைக்கும்போது கோட்டைத் தவறவிடுவார். அவன் தூக்கியதாகச் சொல்லவே இல்லை.

எஞ்சினைச் சரியாகப் பார்த்தே இராத ஒருவன் அதைக் கெடுத்ததாக ஒப்புக்கொள்கிறான். குற்றம் செய்தவன் மறுப்பதைப் பார்த்திருக்கிறேன். செய்யாதவன் ஏற்பதை இப்போதுதான் பார்க்கிறேன். இதில் சந்தேகம் இன்னும் கூடுகிறது.

சாவி மேசையில் கிடக்கிறது. எடுத்து வைக்கத் தோன்றவில்லை.

அக்டோபர் 4, சனி

காலை சாரல், பிறகு வெளிச்சம்.

எஞ்சினை முழுதும் பிரித்தேன். பழைய செய்தித்தாள் விரித்து, கட்டைகள் வரிசையாக. வால்வுப் பெட்டியின் மேல் கட்டையில், சரியாக நடுவில், மற்ற இடத்தைவிடப் படலம் கெட்டி. ஈரத்துணியால் யாரோ துடைத்திருக்கிறார்கள். துடைத்ததில்தான் இடுக்கு வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. வியாழன் காலை கிளீனரைப் போட்டதும் உறிஞ்சிக் கொண்டு போய் உருளைச் சுவரில் அப்பிவிட்டது. சேதப்படுத்த வந்தவன் ஏன் துடைத்துவிட்டுப் போகிறான்?

விரலில் சிவப்பு. அப்படியே எழுந்து போய், தொண்டைக்காக வெந்நீரில் எலுமிச்சை பிழிந்தேன். பூஜையில் மிஞ்சிய பழம். சாறு விரலில் வழிந்தது.

விரலில் இருந்த சிவப்பு மஞ்சளாக மாறிவிட்டது.

டைல்ஸ் தூள் மாறாது. சுண்ணாம்பு சேர்த்த மஞ்சள்தான் சிவக்கும், புளிப்புப் பட்டால் திரும்ப மஞ்சளாகும். கடைக் குங்குமம் வைத்தால் நெற்றி அரிக்கிறது என்று வ. மஞ்சளில் செய்த குங்குமத்தைத் தேடித் தேடி வாங்குகிறவள். உறுதி செய்ய, பூஜை அறைச் சிமிழிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து, சாறு விட்டேன். அதே மஞ்சள்.

வெளிறிய பசை, சந்தனம். இப்போது மூக்கு சற்றுத் திறந்திருந்தது. முகர்ந்தேன்.

வ. சமையலறை வாசலில் நின்று கரண்டியுடன் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. நான் விரலைக் காட்டினேன்.

"நீ வெச்சியா?"

கரண்டியை மேடையில் வைத்தாள்.

"அன்னிக்கு எல்லாத்துக்கும் பொட்டு வெச்சேன். மிக்ஸிக்கு, கிரைண்டருக்கு, ஸ்கூட்டருக்கு. உங்க ஸ்பேனருக்குக்கூட. இது ஒண்ணுக்கு மட்டும் வைக்காம விட மனசு வரலைங்க. உங்க தொழில் இப்ப இதுதானே."

அவளே தொடர்ந்தாள். நான் மார்க்கெட் போனதும் எஞ்சினைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பூஜை அறையில் மைக்ரோமீட்டருக்குப் பக்கத்தில் வைத்தாளாம். நெற்றி மாதிரி மேலே நடுவில் ஓர் இடம் இருந்ததாம், அங்கே வைத்தாளாம். கற்பூரம் காட்டினாளாம். நான் வருவதற்குள் துடைத்து, பழைய இடத்திலேயே வைத்துவிட்டாளாம். பென்சில் கோட்டை அவள் பார்க்கவே இல்லை.

வியாழன் நான் கேட்டபோது ஏன் சொல்லவில்லை என்றேன்.

"சொன்னா நீங்க கோபப்பட்டா பரவாயில்லை. விதி பேசுவீங்க. வகைப்பாடு, அது இதுன்னு. நான் வெச்சது தப்புன்னு நீங்க நிரூபிச்சுடுவீங்க. எனக்கு அது தப்புன்னு ஆக வேண்டாம்."

முரளி?

"வியாழக்கிழமையே போன்ல அழுதேன். நான் ஏத்துக்கிறேன், நீ சும்மா இரு அக்கான்னான். மாமா என்னை எப்பவும் சந்தேகமாத்தானே பாக்குறாரு, இன்னொண்ணு சேந்தா குறைஞ்சா போயிடுவேன்னான்."

ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசிப் பேச்சைப் பற்றியும் கேட்டுவிட்டேன். ஒட்டுக்கேட்டதை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. திங்கள் முடியும்வரை கல்லாப் பேச்சை எடுக்காதே, அவர் மனசு கலையும் என்று தம்பிக்குச் சொன்னாளாம். அவ்வளவுதான்.

அந்தச் சொற்களுக்கு இந்தப் பொருளும் பொருந்துகிறது. முதலிலேயே பொருந்தியது.

வெந்நீர் ஆறிவிட்டது. வ. வேறு போட்டுக் கொடுத்தாள்.

அக்டோபர் 5, ஞாயிறு

வெயில். தொண்டை தேவலை.

நேற்று மீதிப் பொழுது முழுதும் கட்டைகளைச் சோப்பு நீரில் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துத் துணியில் பரப்பினேன். கட்டையைத் தேய்க்கக் கூடாது என்ற விதியை மீறினேனா? விதியின் நோக்கம் அளவு மாறக் கூடாது என்பது. மாறவில்லை. வ. ஒரு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் கேட்கவில்லை. ஜன்னல் கட்டைகளை அவள் என்னைவிட நன்றாகத் துடைத்தாள், கண்ணாடி வளையல் கழுவுகிற மாதிரி.

இன்று பகலில் மறுபடி கட்டி முடித்தேன். பல் பதிந்த ஒரு கட்டை எப்படியோ உள்ளே போய்விட்டது, கசிவும் இல்லை. விட்டுவிட்டேன். நிலா இருக்கட்டும்.

மத்தியானம் கிளீனரைப் போட்டேன். முதல் சுற்று தயக்கம், பிறகு ஓட்டம். புதன்கிழமை ஓடிய அதே ஓட்டம். இந்த முறை வ.வைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தாள். கிளீனர்தானே இழுக்கிறது என்றாள். இல்லை, காற்று தள்ளுகிறது என்று சொல்லி, குழாயைக் கழற்றி அதன் வாயில் அவள் உள்ளங்கையை வைக்கச் சொன்னேன். கை உள்ளே அழுந்த, சிரித்துவிட்டாள். நாளை இந்த இடத்தில் மாணவர்களுக்கும் இதையே செய்ய வேண்டும்.

மேசைப் பென்சில் கோடு அப்படியே இருக்கிறது. அழிக்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம். கைப்பிடி இல்லாமல் ஓட்டினால் அதிர்வில் எஞ்சின் எவ்வளவு நகர்கிறது என்று பார்க்க அது தேவை. இப்போது பார்த்தேன், அரை விரல் நகர்கிறது. கோடு யாருக்கு எதிராகவும் சாட்சி சொல்லத் தக்கதல்ல.

ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. தவறு என்று நான் நிரூபித்துவிடுவேன் என்ற பயத்தில் ஒருத்தி இத்தனை ஆண்டுகளில் என்னவெல்லாம் துடைத்து வைத்திருப்பாள்? கேட்கப் போவதில்லை. கேட்டால் விசாரணை ஆகிவிடும்.

மாலை ஐந்து மணி. முடிவு:

இப்போது ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கோவிலம்பாக்கம் போகிறேன். ஞாயிறும் கடை உண்டு. வேலையாட்கள் எதிரிலேயே சாவியை முரளி கையில் கொடுப்பேன். அவன் ஏதாவது கிண்டல் செய்வான். செய்யட்டும், அது அவன் உரிமை. காபி கொடுத்தால் குடிப்பேன்.

நாளைக் காலை கிளம்புமுன் வசந்தியைச் சிமிழோடு அழைத்து எஞ்சினுக்குப் பொட்டு வைக்கச் சொல்வேன். வால்வுப் பெட்டி வேண்டாம். சக்கரத்தின் வெளிமுகம், நட்டநடு. அங்கே உறிஞ்சல் இல்லை, இடுக்கும் இல்லை, தூள் எங்கும் போகாது. பாலிடெக்னிக்கில் யாராவது கேட்டால், துடைக்க மாட்டேன். இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டு வைத்துவிட்டேன்.